மூணு தடவை கழுவி ஊத்துங்க

டீச்சர் நாக்கை அடக்கிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டார். மருமகளுக்குக் கொடுத்த வாக்கு. வகுப்பறையில் வாழ்நாளெல்லாம் இலக்கணம் நடத்திய நாக்கு அது. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அதற்கென்று ஒரு மரியாதை இருந்தது. தண்ணீர் லாரிக்காரர்கூட டீச்சர் வீட்டு வாசலில் ஹாரனை மெதுவாகத்தான் அடிப்பார்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். டீச்சரின் மருமகள் பெரிய ஆலையில் பாய்லர் பிரிவில் இருந்தவள். நல்ல வேலையை உதறிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டு, யாரும் சீண்டாத குப்பையை எரிபொருளாக்குகிறேன் என்று இறங்கிவிட்டாள். மரத்தூள் என்றால் வாங்க ஆள் அடித்துப் பிடித்து வருகிறார்கள். உமியையும் வைக்கோல் தூசையும் சந்தைத் தரையில் கூட்டிய சருகையும் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் இருக்கிறது. எரித்தால் மிஞ்சுகிற சாம்பல் கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சாம்பலும் சாதுவாகக் கிடக்காது. சூட்டில் உருகி, அடுப்புக்குள்ளேயே பாறையாக இறுகிவிடும்.

பேக்கரி அடுப்பில் அதுதான் நடந்தது. கடப்பாரையால் பெயர்த்தெடுத்த கட்டியை பேக்கரிக்காரர் கேக் பெட்டியில் வைத்து, ரிப்பன் கட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். இப்போது டீச்சர் வீட்டு வாசற்கதவுக்கு அதுதான் முட்டு. நல்ல கனம். எந்தக் காற்றுக்கும் கதவு அசைவதில்லை.

மருமகள் அசரவில்லை. குப்பையை மேலோட்டமாக அலசாமல் நன்றாகக் கழுவிவிட்டால் கட்டியாக்குகிற உப்பும், கூடவே மண்ணும் தண்ணீரோடு போய்விடும் என்று கண்டுபிடித்தாள். கழுவிப் பிழிந்து, காயவைத்து, மூடிய டிரம்மில் வறுத்து, அழுத்தி விரல் கனத்துக் குச்சிகளாக்கினால் விறகைவிடச் சுத்தமாக எரியும். சின்ன டப்பாவில் செய்து பார்த்துவிட்டாள். பெரிய பாய்லரில் காட்ட வேண்டும். பேக்கரிக் கதை ஊரெல்லாம் பரவியதில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பாய்லர். ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் லாட்ஜ் விரிப்புகளையும் வெளுக்கிற லாண்டரியின் பாய்லர். வாரத்தில் ஒரு நாள்தான் அதைக் குளிரவிட்டுச் சுத்தம் செய்வார்கள். வேறு எரிபொருள் போட்டுப் பார்க்க அன்றைக்குத்தான் தோது. நாளைக் காலை அந்த நாள்.

இதற்கு நடுவில் தூரத்து நகரத்திலிருந்து ஒரு கம்பெனி மருமகளைக் கூப்பிட்டிருந்தது. வருகிறாயா இல்லையா என்று இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போனால் மகனும் போவான். போகக்கூடாது என்று டீச்சரின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஆனால் அதை அவளிடம் சொல்ல வரவில்லை. திட்டு என்றால் தங்குதடையில்லாமல் வரும். 'போகாதே' என்கிற ஒரு சொல் தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்றது.

"அத்தை, லாண்டரி முதலாளி இன்னைக்கு ஒரு நடை வந்துட்டுப் போறேன்னிருக்காரு. நான் உமி அள்ள அரிசி மில்லுக்குப் போறேன்" என்றாள் மருமகள் காலையில், செருப்பை மாட்டியபடி. "டீ குடுங்க. சிரிச்ச முகமா பேசுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"வேற ஒண்ணும்னா?"

"அத்தை..."

"சரி, சரி. வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கறேன். சாவியை நீயே எடுத்துட்டுப் போ."

லாண்டரி முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பெரிய உடம்பு, சின்னக் குரல். சட்டை வெள்ளை வெளேர் என்று கண்ணைப் பறித்தது. எதிலும் பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தவர், வாசற்கதவின் முட்டில் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டார்.

"அம்மாடி! என்னது இது?"

"கதவுக்கு முட்டு" என்றார் டீச்சர், சிரித்த முகமாக.

முதலாளி குனிந்து பார்த்தார். கட்டியின் மேல் உருகி வழிந்த பளபளப்பு. அவர் முகம் மாறியது.

"இதுதானா அது? பேக்கரி..."

"டீ குடிங்க."

அவர் உட்கார்ந்தார். டீயை ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றினார். "உங்க மருமக கெட்டிக்காரப் பொண்ணுதான் டீச்சர். அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா பாருங்க..."

மேஜை மேலிருந்த போன் அடித்தது. டீச்சரின் போன் அல்ல, அவர் வீட்டுக்காரருடையது. அவர் குளித்துக்கொண்டிருந்தார். மருமகளின் பெயர் தெரிந்ததும் டீச்சரே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் மில் ஓடுகிற இரைச்சல்.

"வந்தாச்சா?" என்று கத்தினாள் மருமகள்.

டீச்சர் ஓரக்கண்ணால் முதலாளியைப் பார்த்தார். "ம்."

"சரி, லேட் பண்ணாம கழுவி ஊத்துங்க!"

டீச்சர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"ஒரு தடவை பத்தாது. பேக்கரி விஷயத்துல ஒரு தடவையோட விட்டதுதான் நாம செஞ்ச தப்பு. மூணு தடவை கழுவி ஊத்துங்க. முதல் தடவை அழுக்கா வெளிய வரும், பயப்படாதீங்க. மூணாவது தடவை தெளிஞ்சிடும். கேக்குதா?"

"ம்."

"அப்புறம் நல்லா புழிஞ்சு வெயில்ல போட்டுடுங்க. மிச்சத்தை நான் வந்து வறுத்துக்கறேன்."

போன் அணைந்தது. டீச்சருக்கு ஒரு கணம் திகைப்பு. காலையில் சொன்னது என்ன, இப்போது சொல்வது என்ன! ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பேக்கரிக்காரரை அவர் ஒரே ஒரு தடவைதான் திட்டினார். அதுவும் மேலோட்டமாக. அதனால்தான் அந்த ஆளுக்குக் கேக் பெட்டியில் ரிப்பன் கட்டுகிற துணிச்சல் வந்தது. பொண்ணு புரிந்துகொண்டுவிட்டாள். ஒரு மாதமாக மூடிக் கிடந்த வாய்க்கு அனுமதி வந்துவிட்டது.

பின்வாசலில் மகன் வண்டியை நிறுத்தி, குப்பை மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுப் போன சத்தம் அவர் காதில் விழவே இல்லை.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவரிடம் படித்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். முதலாளி அவரிடம் படித்தவர் இல்லை, பாவம்.

"உங்க லாண்டரிக்கு நான் வெள்ளைத் தலையணை உறை அனுப்பினேன்" என்று ஆரம்பித்தார். "பழுப்பா வந்துது. வேற யாரோட உறையோன்னு திருப்பி அனுப்பினேன். அதைவிடப் பழுப்பா வந்துது. மூணாவது தடவை அனுப்ப எனக்கு தைரியம் இல்ல. இதுக்குப் பேரு சலவையா? துணி உங்ககிட்ட என்ன பாவம் பண்ணுச்சு?"

முதலாளி வாயைத் திறந்தார்.

"நான் இன்னும் முடிக்கலை" என்றார் டீச்சர்.

அது முதல் தடவை. இரண்டாவது தடவை புகைபோக்கிக்குப் போனது.

"போர்டுல என்ன எழுதியிருக்கீங்க? 'வெண்மைக்கு நாங்கள்.' உங்க புகைபோக்கியைப் பாத்திருக்கீங்களா? பழைய கதவு, பெயின்ட் அடிச்ச ஜன்னல், ஈர மரம்னு கையில கிடைச்சதையெல்லாம் போட்டு எரிக்கறீங்க. நாங்க மாடியில துணி காயப்போட்டா கரி வந்து உக்காருது. ஊர்த்துணியை அழுக்காக்கி, மறுபடி உங்ககிட்டயே வெளுக்க வர வைக்கறீங்களா? நல்ல ஏற்பாடுதான்!"

முதலாளி தன்னை அறியாமல் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். குளித்து முடித்த டீச்சரின் வீட்டுக்காரர் துண்டோடு வந்து, நிலைமையைப் பார்த்துவிட்டு, திரும்பவும் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது தடவைதான் டீச்சர் எதிர்பார்க்காத பக்கம் திரும்பியது.

"எங்க வீட்டுப் பொண்ணு அந்தக் குப்பையைக் கையால அள்ளி, பொறுக்கி, நகமெல்லாம் கறுத்துப் போய்... அதையெல்லாம் நீங்க ஒரு நாளாவது வந்து பாத்தீங்களா? கால்ல ஒரு கட்டி இடிச்சதுக்கே முகம் சுண்டிப்போச்சு. இந்த ஊர்ல ஒருத்தராவது அவளுக்கு ஒரு அடுப்பைத் தொறந்து விட்டீங்களா? விட்டிருந்தா அவ ஏன் போறா? அவ போயிட்டா இந்த வீட்டுல..."

குரல் உடைந்தது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை மறுபடி கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல.

முதலாளி ஆறிய டீயை மேஜையில் வைத்தார். "பாய்லரைக் குடுக்க முடியாதுன்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார் சின்னக் குரலில். "அதை எப்படி பக்குவமா சொல்றதுன்னுதான் டீயை ஆத்திட்டே இருந்தேன். இப்போ அந்தக் கஷ்டம் எனக்கு இல்ல." கட்டியைச் சுற்றி ஜாக்கிரதையாக நடந்து வெளியே போனார்.

மத்தியானம் மருமகள் வியர்க்க விறுவிறுக்க வந்தாள். உடம்பெல்லாம் உமித்தூசு, ஆனால் முகத்தில் கல்யாண வீட்டுக் களை.

"அத்தை, கழுவியாச்சா?"

"ஆச்சு."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும். ஒரு குறை வைக்கலை."

"அழுக்கு நிறைய வந்துதா?"

"எக்கச்சக்கம். எத்தனை வருஷத்து அழுக்கோ!"

"கடைசில தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சு, எழுந்து போயிட்டாரு."

மருமகள் கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள். "எது எழுந்து போச்சு?"

டீச்சரின் வீட்டுக்காரர் அப்போதுதான் தொண்டையைச் செருமினார். வீட்டில் அவருக்குப் பேச இடைவெளி கிடைப்பதே அபூர்வம், கிடைத்ததை வீணாக்கவில்லை. "போன் என்னோடது. மூட்டையைக் கழுவறது என் வேலை. அவ எனக்குச் சொன்னதை நீ எடுத்து அந்த மனுஷன் மேல ஊத்திட்டே."

பின்வாசலில் மூட்டைகள் கட்டு அவிழ்க்காமல் கிடந்தன.

மருமகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் டீச்சர் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றியிருப்பார். அவள் நேராகக் கொட்டகைக்குப் போனாள். குப்பை கழுவுகிற தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் ஏதோ தட்டினாள். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தாள்.

"எதுக்கும்மா இனிமே?" என்றார் மாமனார்.

"எடுத்த வேலையை முடிச்சுட்டுத்தான் மாமா வேண்டாம்னு விடணும். பாதியில விட எனக்கு வராது. வெயில் வேற போயிடுச்சு, காயாது. பரவால்ல."

அந்தப் 'பரவால்ல'வை டீச்சரால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. அலமாரியிலிருந்து மருமகளின் இரண்டு சோதனை டப்பாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு லாண்டரிக்கு நடந்தார்.

லாண்டரிக்குள் ஒரே ஆவி. கயிறு கயிறாக வெள்ளை விரிப்புகள் தொங்க, அவற்றுக்கு நடுவில் முதலாளி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு தலையணை உறையை வெளிச்சத்தில் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்றார் டீச்சர். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. ஆகவே பாடம் நடத்துகிற மாதிரி ஆரம்பித்தார். "காலையில நான் திட்டினது தப்பு. விஷயம் தப்பில்ல. புகை புகைதான், பழுப்பு பழுப்புதான். ஆனா அந்தத் திட்டு உங்களுக்கு வந்ததில்ல."

"வேற யாருக்கு வந்துது?"

"மூட்டைக்கு."

முதலாளிக்குப் புரியவில்லை. டீச்சர் பெருமூச்சு விட்டார்.

"மருமக போன்ல 'கழுவி ஊத்துங்க'ன்னா. எதைன்னு சொல்லலை. செயப்படுபொருள் இல்லாத வாக்கியம். யாரை, எதைன்னு கேளுங்கடான்னு தலைமுறை தலைமுறையா பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்தவ நான். இன்னைக்கு எனக்கு அது கேக்கத் தோணலை. எதிர்ல நீங்க உக்காந்திருந்தீங்க, உங்களைக் கழுவிட்டேன். அவ சொன்னது குப்பையை."

முதலாளி முகத்தை உறையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று டீச்சர் பதறினார். உறை விலகியதும் தெரிந்தது, மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு சட்டென்று நின்றது.

"இருங்க. குப்பையைக் கழுவறீங்களா?"

"மூணு தண்ணியில."

"உங்க மருமக என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினாளே! தாது உப்பு நீக்கம்னா, உருகுநிலைன்னா, காரத்தன்மைன்னா. நானும் புரிஞ்ச மாதிரி தலையை ஆட்டிட்டு வந்தேன். கழுவறோம்னு ஒரு வார்த்தை சொல்லலையே டீச்சர்! கழுவறது என் பொழப்பு இல்லையா!"

டீச்சர் டப்பாக்களைத் திறந்தார். ஒன்றில் கழுவாத குப்பையின் சாம்பல். அடியோடு ஒட்டி, கவிழ்த்தாலும் விழவில்லை. மற்றதில் கழுவியதன் சாம்பல். முதலாளி மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, "பவுடர் மாதிரி இருக்கே" என்று சொன்னதுதான் தாமதம், அந்த மூச்சுக்கே அத்தனையும் பறந்து அவர் வெள்ளைச் சட்டையில் அப்பிக்கொண்டது.

இருவரும் சட்டையைப் பார்த்தார்கள்.

"பரவால்ல" என்றார் முதலாளி. "லாண்டரி நம்மளோடதுதான்." தட்டினார். சாம்பல் சுவடில்லாமல் உதிர்ந்தது. அவர் கண்ணில் தொழில்காரனின் வெளிச்சம் வந்துவிட்டது. "சோப்பு போடுவீங்களா?"

"கூடவே கூடாதாம். சோப்புல இருக்கற சோடாவே திரும்பக் கட்டியாக்கிடுமாம்."

"கழுவின தண்ணி?"

"என் வீட்டுக்காரர் கத்தரிச் செடிக்கு ஊத்தறாரு. செடி நல்லாத்தான் இருக்கு."

"புழியறது?"

"பலகையைப் போட்டு அது மேல அவரே ஏறி நிப்பாரு."

முதலாளிக்கு உண்மையிலேயே வலித்தது. "ஏறி நிப்பாரா! டீச்சர், நீங்க காலையில திட்டினதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமா இல்ல. கால்மிதி புழியற பழைய மெஷின் ஒண்ணு சும்மா கிடக்கு. காயவைக்கற ரூம் ராத்திரி வரைக்கும் சூடா இருக்கும். வண்டியை அனுப்பறேன், மூட்டையை ஏத்துங்க!"

சாயங்காலம் லாண்டரியின் பின்கட்டில் திருவிழாக் கூட்டம் மாதிரி இருந்தது. ஆட்கள் என்னவோ நாலே பேர்தான். ஈரக் குப்பையை வலைப்பையில் கட்டி, பழைய மெஷினில் போட்டுச் சுழற்றினார்கள். மெஷின் தரையில் தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தது. டீச்சரின் வீட்டுக்காரர் பழக்கப்படி அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். மெஷின் அடங்கியது, அவர்தான் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தார்.

பிழிந்ததை எடுத்து மருமகள் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. "ஒரு பகல் முழுக்க வெயில்ல வர்றது இது" என்றாள். அவள் குரலே மாறிவிட்டது. "இப்போ காயவெச்சா ராத்திரிக்குள்ள வறுத்து அழுத்திடலாம். காலையில பாய்லருக்கு ரெடி."

"ஒரு நிபந்தனை" என்றார் முதலாளி. "எங்க பாய்லர்காரன் பழைய கதவு ஜன்னலை எரிக்காதேன்னா கேக்க மாட்டேங்கறான். டீச்சர் அவன்கிட்ட ஒரு தடவை பேசணும்."

"ஒரு தடவை பத்தாது" என்றார்கள் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும்போது முதலாளி மருமகள் பக்கம் திரும்பினார். "உனக்கு ஒண்ணு சொல்லணும்மா. காலையில ரெண்டு தடவை உங்க அத்தை என்னைத் திட்டினாங்க. மூணாவது தடவை என்னைத் திட்டலை. நீ போகக்கூடாதுன்னு அழுதாங்க. உன்கிட்ட சொல்ல வேண்டியதை என்கிட்ட சொல்லிட்டாங்க. அதுவும் விலாசம் மாறித்தான் வந்திருக்கு."

டீச்சர் வலைப்பையின் முடிச்சை மும்முரமாக அவிழ்க்கத் தொடங்கினார். அதில் முடிச்சே இல்லை.

மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அத்தை, ஏன் என்கிட்ட சொல்லலை?"

"இப்போ சொன்னா என்ன? பதில் சொல்ல இன்னைக்கு முழுக்க நேரம் இருக்கில்ல?"

"மத்தியானமே அனுப்பிட்டேன். தொட்டிகிட்ட நின்னப்போ. எல்லாம் போச்சுன்னு நினைச்சுட்டேன்."

டீச்சரின் கை நின்றது. மூன்று தடவை கழுவி ஊற்றியது யாரையோ அல்ல, தன் வீட்டையேதான் என்று உறைத்தது.

"என்னன்னு அனுப்பினே?"

"வர்றோம்னு."

வர்றோம். வினைமுற்று. விகுதி 'ஓம்', தன்மைப் பன்மை. சொல்கிறவளும் மகனுமாக இரண்டு பேராகவும் இருக்கலாம், பெரியவர்களையும் சேர்த்து நாலு பேராகவும் இருக்கலாம். எழுவாய் எங்கே? தோன்றா எழுவாய் என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பார்! 'யார் என்று கேளுங்கள், விடை கிடைக்கும்' என்று எத்தனை பிள்ளைகளை அதட்டியிருப்பார்!

மெஷின் மேலிருந்த வீட்டுக்காரர் இறங்கி வந்து, கேள் என்பதுபோல் கண்ணைக் காட்டினார்.

டீச்சர் வாயைத் திறந்தார். கேட்டால் விடை கிடைத்துவிடும் என்று பயந்து மூடிக்கொண்டார்.